கோலாலம்பூர் – பாங்காக்: தூரம் 1,220 கிலோமீட்டர், டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம், வாசலுக்கு வாசல் எட்டு மணி நேரம்

கோலாலம்பூரிலிருந்து பாங்காக் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் 1,185 கிலோமீட்டர் என்று வரும், இன்னோரிடத்தில் 1,220, மற்றோரிடத்தில் 1,470. பயண நேரமும் அப்படியே ஆளுக்கொன்றாக இருக்கும். முதல்முறை டிக்கெட் போடுகிறவர் இதில் எது சரி என்று குழம்பிப்போவார். எல்லாமே சரிதான், ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது, அவ்வளவே. உங்கள் பயணத்துக்கு எந்த எண் வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் தூரம்

1,185 என்பது நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு நேர்கோட்டில் உள்ள தூரம். விமானம் நகர மையத்திலிருந்து கிளம்புவதில்லை. கேஎல்ஐஏ விமான நிலையம் கோலாலம்பூருக்குத் தெற்கே நேர்கோட்டில் 45 கிலோமீட்டர் தள்ளி சிப்பாங்கில் இருக்கிறது. பாங்காக்கோ வடக்கே. அதாவது வடக்கே போக வேண்டியவர் முதலில் தெற்கே போய்த்தான் விமானம் ஏற வேண்டும். கேஎல்ஐஏவுக்கும் சுவர்ணபூமி விமான நிலையத்துக்கும் இடையே 1,220 கிலோமீட்டர். பாங்காக்கின் இன்னொரு விமான நிலையமான டான் முவாங் நகருக்கு வடக்கே இருப்பதால் அங்கே இறங்கினால் சுமார் 1,245.

இதை நீங்களே பேப்பரில் போட்டுப் பார்க்கலாம், பத்தாம் வகுப்புக் கணக்குதான். வரைபடத்தில் இரண்டு விமான நிலையங்களையும் தொட்டு, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுங்கள். கேஎல்ஐஏ வடக்கு 2.75 பாகை, கிழக்கு 101.71 பாகை. சுவர்ணபூமி வடக்கு 13.69, கிழக்கு 100.75. அட்சரேகை வித்தியாசம் 10.94 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஆக 656 கடல் மைல் வடக்கே. தீர்க்கரேகை வித்தியாசம் 0.96 பாகை. அதை 60ஆல் பெருக்கி, பூமி வளைவுக்காக இந்தப் பகுதியில் 0.99ஆல் பெருக்கினால் 57 கடல் மைல் மேற்கே. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 658 அல்லது 659 கடல் மைல் வரும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் 1,220.

இந்தக் கணக்கு பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர்களுக்குத்தான் பொருந்தும். சிங்கப்பூர் – ஜகார்த்தா, கோலாலம்பூர் – ஹோ சி மின் நகரம் போன்றவற்றுக்குத் தாராளமாகப் போடலாம். டோக்கியோவுக்கோ லண்டனுக்கோ போட்டால் தப்பாகிவிடும்.

1,470 சாலைத் தூரம். எந்த எல்லைச் சாவடி வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து 1,450 முதல் 1,500 வரை மாறும். நேர்கோடு வரைந்தால் அது பட்டானி கரையருகே நிலத்தை விட்டுத் தாய்லாந்து வளைகுடாவுக்குமேல் நேரே பாங்காக் போகிறது. சாலைக்கு அந்த வசதி இல்லை. தீபகற்பம் வளைகிற பக்கமெல்லாம் அதுவும் வளைந்து, ஹாட்யாய், சும்போன் என்று கரையை ஒட்டிச் சுற்றித்தான் போக வேண்டும்.

விமான நேரம்: எந்த நேரம்?

இந்தத் தடத்தில் பெரும்பாலும் ஏர்பஸ் 320, போயிங் 737 ரக விமானங்கள்தான் ஓடுகின்றன. உயரத்தில் சீராகப் பறக்கும்போது மணிக்கு சுமார் 830 கிலோமீட்டர் வேகம். 1,220ஐ 830ஆல் வகுத்தால் 1 மணி 28 நிமிடம். ஆனால் மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. அதையும் சேர்த்தால் காற்றில் இருக்கும் நேரம் 1 மணி 40 நிமிடத்திலிருந்து 1 மணி 50 நிமிடம் வரை.

டிக்கெட்டில் போட்டிருப்பது இந்த நேரமல்ல. அது ‘பிளாக் டைம்’. விமானம் நிற்குமிடத்திலிருந்து அசையத் தொடங்கியது முதல் அந்தப் பக்கம் போய் நின்று ஓயும்வரை உள்ள நேரம். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் மறுபடி ஊர்வது எல்லாம் இதில் அடக்கம். அதனால்தான் பறப்பது ஒன்றே முக்கால் மணி என்றாலும் அட்டவணையில் 2 மணி 5 நிமிடம் முதல் 2 மணி 15 நிமிடம் வரை போடுகிறார்கள். விமானம் சில நாள் இருபது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்வது விமானியின் சாமர்த்தியத்தால் அல்ல, அட்டவணையிலேயே கொஞ்சம் நேரம் உபரியாக வைத்திருப்பதால்.

கிலோமீட்டரை 830ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டுங்கள். இந்த வட்டாரத்தில் எந்த இரண்டு ஊருக்கும் பிளாக் டைம் கிட்டத்தட்ட வந்துவிடும். கோலாலம்பூர் – பாங்காக்குக்கு 88 கூட்டல் 40, அதாவது 2 மணி 8 நிமிடம். சிங்கப்பூர் – பாங்காக் சுமார் 1,415 கிலோமீட்டர், 2 மணி 22 நிமிடம். சிங்கப்பூர் – கோலாலம்பூர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். கடைசி உதாரணத்தைக் கவனியுங்கள், அந்த ஒரு மணியில் 40 நிமிடம் தரையிலும் ஏறி இறங்குவதிலுமே போய்விடுகிறது.

காற்று எவ்வளவு பாதிக்கும்? இங்கே அதிகமில்லை. பயணம் வடக்கு–தெற்காக இருக்கிறது, மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலுவான மேல்காற்று ஓட்டம் இந்த அட்சரேகையில் கிடையாது. அதனால் போக வர ஏறக்குறைய ஒரே நேரம்தான். ஒரு சின்ன வித்தியாசம் மட்டும் உண்டு. சுவர்ணபூமியின் ஓடுபாதைகள் வடக்கு–தெற்காக அமைந்தவை. விமானம் பெரும்பாலும் எதிர்க்காற்றில்தான் இறங்கும். வடக்கிலிருந்து காற்று வீசும் டிசம்பர், ஜனவரியில் தெற்கிலிருந்து வரும் விமானம் நேரே இறங்கிவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிலையத்தைத் தாண்டி வடக்கே போய்த் திரும்பி வந்து இறங்க வேண்டியிருக்கும். ஜன்னலில் ஊர் தெரிந்த பிறகும் விமானம் சுற்றுகிறதே என்று பதற வேண்டாம்.

டிக்கெட்டில் உள்ள ஒரு மணி நேரப் பொறி

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

கோலாலம்பூரில் காலை 10:30க்குக் கிளம்பும் விமானம் பாங்காக்கில் 11:40க்கு இறங்கும் என்று டிக்கெட் சொல்லும். ஒரு மணி பத்து நிமிடம்தானா என்று தோன்றும். திரும்பி வரும்போது 12:00க்குக் கிளம்பி 3:10க்கு இறங்கும் என்றிருக்கும். போவதற்கு 1:10, வருவதற்கு 3:10. விமானம் மெதுவாகவும் வரவில்லை, வேறெங்கும் சுற்றவும் இல்லை. டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். மலேசியா உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால், தாய்லாந்து 7 மணி முன்னால். இரண்டு பயணமும் 2 மணி 10 நிமிடமே.

வரைபடத்தைப் பார்த்தால் இது வினோதமாக இருக்கும். இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகையில் ஒரு பாகைக்குச் சற்றே அதிகமான வித்தியாசம்தான், சூரியன் சுமார் நான்கைந்து நிமிட இடைவெளியில் உச்சிக்கு வருகிறது. பிறகு ஏன் ஒரு மணி வித்தியாசம்? தீபகற்ப மலேசியா முன்பு 7½ மணி நேரக் கணக்கில் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். அந்த முடிவின் விளைவுதான் உங்கள் டிக்கெட்டில் தெரிகிறது. கோலாலம்பூரில் காலை ஏழு மணிக்கும் சூரியன் சோம்பலாக எழுவதும் அதனால்தான்.

வித்தியாசத்தைச் சரிபார்க்க ஒரே வழி: முன்பதிவுப் பக்கத்தில் புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டையும் கழித்துப் பார்க்காதீர்கள். ‘மொத்த நேரம்’ என்று தனியாக ஒரு எண் இருக்கும், அதை மட்டும் பாருங்கள்.

இதில் சறுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, பாங்காக்கிலிருந்து திரும்பும்போது மாலை 6:00 விமானம் எட்டு மணிக்குள் கோலாலம்பூர் வந்துவிடும் என்று நினைத்து, எட்டரைக்குக் கிளம்பும் வேறொரு விமானத்தைத் தனி டிக்கெட்டாகப் போடுவது. இறங்கும்போது மலேசிய நேரம் 9:10 ஆகியிருக்கும். இரண்டு, நள்ளிரவு விமானம். கோலாலம்பூரில் 23:00க்குக் கிளம்பினால் பாங்காக்கில் மறுநாள் 00:10. வருகை அட்டையிலும் ஓட்டல் பதிவிலும் எந்தத் தேதி போட வேண்டும் என்று யோசித்துப் போடுங்கள். மூன்று, கைபேசி. தானாக நேரம் மாறும் வசதி அணைந்திருந்தால் பாங்காக்கிலும் அது மலேசிய நேரமே காட்டும். இதில் ஒரு மணி முன்னதாகப் போய் நிற்பீர்கள், நஷ்டமில்லை. ஆனால் திரும்பி வந்தபின்னும் தாய்லாந்து நேரத்திலேயே நின்றுவிட்டால் மறுநாள் வேலைக்கு ஒரு மணி தாமதம்.

மியன்மார் 6½ மணிக் கணக்கு. கோலாலம்பூர் – யாங்கூன் போகிறவர்களுக்கு வித்தியாசம் ஒன்றரை மணி. வியட்நாம், கம்போடியா, லாவோஸ், ஜகார்த்தா எல்லாம் தாய்லாந்து நேரமே.

எந்த நிலையம் என்று பாருங்கள்

பாங்காக்குக்கு இரண்டு விமான நிலையங்கள். சுவர்ணபூமியின் குறி பி.கே.கே., டான் முவாங்கின் குறி டி.எம்.கே. முன்பதிவுத் தளங்கள் இரண்டையும் ‘பாங்காக்’ என்றே காட்டும். மலிவுக்கட்டண விமானங்களில் பல டான் முவாங் போகின்றன. ஒன்றில் இறங்கி மற்றொன்றிலிருந்து வேறு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால், இரண்டுக்கும் இடையே நகரைச் சுற்றிக்கொண்டு போகும் சாலைப் பயணம். தொடர் விமான டிக்கெட்டைக் காட்டினால் இலவசப் பேருந்து உண்டு. ஆனாலும் இறங்கும் நேரத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் இடையே ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக வைக்காதீர்கள். குடிநுழைவுச் சோதனை தாண்டி வெளியே வந்தாக வேண்டும் என்பதால் விசா விதியும் உங்களுக்குப் பொருந்தும்.

கோலாலம்பூர்ப் பக்கம் கேஎல்ஐஏ முனையம் 1, முனையம் 2. ஏர் ஏசியா முனையம் 2. தவறான முனையத்தில் இறங்கிவிட்டால் டாக்சி தேடாதீர்கள். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் மூன்று நிமிடத்தில் இரண்டு ரிங்கிட்டுக்கு அடுத்த முனையத்தில் விட்டுவிடும்.

வாசலுக்கு வாசல்: ஒரு உதாரணம்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தங்கியிருக்கும் ஒருவர் பாங்காக் சீலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய கோயில், ஊர்க்காரர்கள் ‘வாட் கேக்’ என்பார்கள். நம்மவர்கள் பலர் பாங்காக்கில் முதலில் தேடுகிற இடமும் இதுவே. விமானம் முனையம் 1லிருந்து காலை 10:30.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 10:10க்கு வாயிலை மூடிவிடுவார்கள், பல நிறுவனங்கள் கடைப்பிடிப்பது இருபது நிமிடம். பெட்டி போடும் கவுன்டர் 9:30க்கு மூடும். குடிநுழைவும் பாதுகாப்புச் சோதனையும் சேர்த்து 40 நிமிடம். துணை முனையத்தில் வாயில் என்றால் ஏரோட்ரெயின் ஏறிப்போக வேண்டும், அதற்கு 15 நிமிடம். ஆகவே 8:10க்கு நிலையத்தில் இருப்பது நல்லது. கோலாலம்பூரின் முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிடம் (முனையம் 2 என்றால் 33). 7:40 ரயிலைப் பிடிக்க, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து 7:15க்கு நடக்கத் தொடங்கினால் போதும்.

இனி தாய்லாந்து நேரம். 11:40க்கு விமானம் நிற்கிறது. நடந்து குடிநுழைவுக் கூடம் வர 15 நிமிடம். 2023 செப்டம்பரில் திறந்த துணை முனையத்தில் இறக்கினால் ஓட்டுநரில்லா ரயிலில் பிரதான கட்டடம் வர வேண்டும், மேலும் பத்து நிமிடம். வரிசை 40 நிமிடம் என்று வைப்போம். இதுதான் மொத்தக் கணக்கிலேயே நம்ப முடியாத எண். பெரிய விமானங்கள் நாலைந்து சேர்ந்து இறங்கிய நேரமென்றால் ஒரு மணியும் தாண்டும். கைப்பை மட்டும் என்றால் 12:45க்கு அடித்தளத்தில் உள்ள ஏர்போர்ட் ரயில் லிங்க் நிலையத்தில் இருப்பீர்கள். கடைசி நிலையமான பயா தாய்வரை 45 பாத், அரை மணிக்குள் போய்விடும். அங்கே மேலேறி பி.டி.எஸ். என்ற மேம்பால நகர ரயிலில் இரண்டாவது நிலையம் சயாம். சயாமில் சீலோம் தடத்துக்கு மாறி, பாங் வா போகும் ரயிலில் ஐந்தாவது நிலையம் சுராசக். இறங்கிப் பத்து நிமிட நடை. கோயில் வாசலில் நிற்கும்போது மணி 2:05, மலேசியக் கடிகாரத்தில் 3:05.

7:15லிருந்து 3:05. எட்டு மணிக்குப் பத்து நிமிடம் குறைவு. அதில் வானில் இருந்தது ஒன்றே முக்கால் மணி. ஆகவே பத்து நிமிடம் வேகமாகப் போகும் விமானத்தைத் தேடி ஒப்பிடுவதில் பயனில்லை. எந்த நிலையத்தில் இறக்குகிறது, பெட்டி போடுகிறீர்களா, எந்த மணிக்கு இறங்குகிறது என்ற மூன்றும்தான் நேரத்தைத் தீர்மானிக்கும்.

டான் முவாங்கில் இறங்கினால் வழி வேறு. முனையத்திலிருந்து மேல்நடைபாலம் வழியே சிவப்புத் தட ரயில் நிலையம். பாங்காக்கின் முதன்மை ரயில் நிலையமான குருங் தெப் அபிவாட்வரை போய், அதை ஒட்டிய பாங் சூ நிலையத்தில் எம்.ஆர்.டி. நகர ரயிலின் நீலத் தடத்துக்கு மாறி சீலோம் நிலையத்தில் இறங்கலாம்.

டாக்சி எடுப்பதானால் சுவர்ணபூமியின் கீழ்த்தளத்தில் இயந்திரம் தரும் சீட்டை எடுத்துக்கொண்டு அதிலுள்ள எண் தடத்துக்குப் போங்கள். மீட்டர் தொகையோடு 50 பாத் விமான நிலையக் கட்டணம், சுங்கச்சாலைக் கட்டணம் தனி. மாலை 4 முதல் 8 வரை, அதுவும் வெள்ளிக்கிழமை என்றால், ரயிலே மேல். மழை பெய்யும் வெள்ளிக்கிழமை மாலை பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காகிதம் இல்லாக் காகிதங்கள்

தாய்லாந்து 2025 மே 1 முதல் வெளிநாட்டவர் அனைவருக்கும் மின்வருகை அட்டையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. தேடலில் முதலில் வரும் சில தளங்கள் பணம் கேட்கும், அவை அரசுத் தளம் அல்ல, வெளியே வந்துவிடுங்கள். ஒவ்வொரு நுழைவுக்கும் புதிதாக நிரப்ப வேண்டும்.

பலர் மறப்பது திரும்பும் பயணத்தை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு கோலாலம்பூர் வந்து, நடுவில் மூன்று நாள் பாங்காக் போய்த் திரும்புகிறவர், மலேசியாவின் மின்வருகை அட்டையை இரண்டாம் முறையும் நிரப்ப வேண்டும். முதல் முறை நிரப்பியது செல்லாது. அதற்கும் அதே மூன்று நாள் கணக்கு, அதுவும் இலவசம். கிளம்பும் முன்பே ஒரே உட்காரலில் இரண்டையும் நிரப்பலாம் என்று நினைத்தால் திரும்பும் தேதி மூன்று நாளைத் தாண்டியிருக்கும். பாங்காக் ஓட்டலில் உட்கார்ந்து நிரப்புங்கள்.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதக் காலாவதி மிச்சம் இருக்கட்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் தூதரகப் பக்கத்தில் டிக்கெட் போடும் முன் பாருங்கள், போட்ட பின் அல்ல.

எது தாமதமாக்கும்

கேஎல்ஐஏவில் பிற்பகல் இடிமழை, அதுவும் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும். மின்னல் எச்சரிக்கை வந்தால் தரைப் பணியாளர்கள் திறந்தவெளியில் வேலை செய்யக் கூடாது. விமானம் தயாராக நிற்கும், பெட்டி ஏற்ற ஆளிருக்காது. எச்சரிக்கை நீங்கியபின் எல்லா விமானங்களும் ஒரே நேரத்தில் கிளம்பப் பார்ப்பதால் வரிசை நீளும். காலை விமானம் எடுத்தால் இந்தத் தொல்லை குறைவு.

கைப்பை எடை. மலிவுக்கட்டண விமானங்களில் பெரும்பாலும் 7 கிலோ, வாயிலிலும் நிறுத்துப் பார்ப்பார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் திறந்து எடுக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதில் அரை மணி போகும்.

ரயிலில் போகலாமா?

போகலாம், நேரம் இருப்பவர்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். என்ற மின்சார விரைவு ரயிலில் தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் ஐந்தரை மணி நேர அளவு. அங்கே ஒரே நிலையத்துக்குள் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடியும். மாலை ஐந்து மணியளவில் (தாய்லாந்து நேரம்) பாங்காக் படுக்கை ரயில், மறுநாள் காலை குருங் தெப் அபிவாட். மொத்தம் ஒரு நாள். படுக்கை இடம் பண்டிகை நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். போகும்போது அந்த ஒரு மணி வித்தியாசம் உங்களுக்குச் சாதகம், இ.டி.எஸ். கொஞ்சம் தாமதமானாலும் ரயில் கிடைக்கும். திரும்பும்போது அதே ஒரு மணி பறிபோகும். பாடாங் பெசாரில் எட்டு மணிக்கு இறங்கினால் இ.டி.எஸ். அட்டவணைப்படி அது ஒன்பது.

திரும்பும் விமானம் விடிகாலை என்றால் இன்னொன்று: சுவர்ணபூமிக்குப் போகும் ஏர்போர்ட் ரயில் லிங்க் காலை 5:30க்குத்தான் ஓடத் தொடங்கும். ஏழரை மணிக்கு முந்தைய விமானங்களுக்கு அதை நம்ப முடியாது. முந்தின இரவே டாக்சி பேசி வையுங்கள், அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும், சீலோமிலிருந்து முக்கால் மணியில் போய்விடலாம்.